கடைசி இடத்தில் உட்கார்ந்தால் மிச்சச் சீட்டுதானா?

கேள்வி: பொங்கலுக்கு ஊரில் கூடினால் எங்கள் வீட்டில் கழுதை ஆட்டம்தான். நான்கு பேர், ஆளுக்கு 13 சீட்டு. கடைசியாகச் சீட்டு விழும் இடத்தில் என் சித்தப்பா உட்காரவே மாட்டார். "நல்ல சீட்டெல்லாம் முன்னாடியே போயிடும், நமக்கு மிச்சம்தான்" என்பார். இந்த முறை தம்பி கையில் நான்கு ஏஸும் மொத்தமாக வந்துவிட்டன. சீட்டைக் கலைத்தவன்மேல் சந்தேகம் கிளம்பி, ஆட்டமே நின்றுபோனது. ஆளுக்கு ஒரு ஏஸ் வருவதுதானே இயல்பு? கணக்கு என்ன சொல்கிறது ஐயா?
— ஒரு வாசகி, தேனி

பதில்: முதலில் சித்தப்பாவின் பயத்தைப் போக்கிவிடலாம் அம்மா. நல்ல சீட்டு முன்னால் போய்விடும் என்றால், மோசமான சீட்டும் முன்னால் போகத்தானே செய்யும்? கவிழ்த்து வைத்த கட்டுக்கு எந்தச் சீட்டு யாருக்கு என்று தெரியாது.

கணக்காகவே பார்ப்போம். 52 சீட்டில் ஏஸ் 4. முதல் சீட்டு ஏஸாக இருக்கும் வாய்ப்பு 4/52, அதாவது 13-ல் ஒன்று. இரண்டாவது சீட்டு? இதில் இரண்டு வழி உண்டு. முதல் சீட்டு ஏஸாக இருந்து இரண்டாவதும் ஏஸாக வருவது 4/52 × 3/51. முதலாவது வேறு சீட்டாக இருந்து இரண்டாவது ஏஸாக வருவது 48/52 × 4/51. இரண்டையும் கூட்டினால் 204/2652. சுருக்கிப் பாருங்கள், அதே 13-ல் ஒன்றுதான். மூன்றாவது சீட்டுக்கும் ஐம்பத்திரண்டாவது சீட்டுக்கும் இப்படியே போட்டுப் பார்க்கலாம், விடை மாறாது. சித்தப்பா எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, கழுதையில் வெட்டு விழுந்தால், அதாவது கேட்ட சின்னம் இல்லாதவர் வேறு சின்னம் போட்டால், கேட்ட சின்னத்தில் பெரிய சீட்டு போட்டவர்தான் அத்தனையையும் அள்ள வேண்டும். ஏஸ் வராமல் போனதற்காக அவர் வருந்த வேண்டியதே இல்லை.

அடுத்து, 'ஆளுக்கு ஒன்று வருவது இயல்பு' என்கிறீர்கள். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. பாயில் 52 இடங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஒருவருக்குப் 13 இடம். ஸ்பேடு ஏஸ் எங்கே வேண்டுமானாலும் விழட்டும். மீதி 51 இடங்கள். ஆட்டின் ஏஸ் வேறொருவர் கையில் விழ வேண்டுமானால் அதற்கு 39 இடம் உண்டு. டைமண்ட் ஏஸுக்கு 50-ல் 26. கிளாவர் ஏஸுக்கு 49-ல் 13 மட்டுமே. இந்த மூன்றையும் பெருக்கினால் 13182/124950, ஏறத்தாழ நூற்றுக்குப் பத்தரை. பத்து தடவை சீட்டுப் போட்டால் ஏதோ ஒரு தடவைதான் ஆளுக்கு ஓர் ஏஸ் அமையும். நாம் 'இயல்பு' என்று நினைப்பது அவ்வளவு அபூர்வம்! உங்கள் கையில் ஓர் ஏஸ்கூட இல்லாமல் போவதற்கோ நூற்றுக்கு முப்பது வாய்ப்பு இருக்கிறது.

இனி தம்பிக்கு வருவோம். நான்கு ஏஸும் அவர் கைக்கே வரும் வாய்ப்பு, 13×12×11×10 என்பதை 52×51×50×49 ஆல் வகுத்தால் கிடைக்கும். ஏறக்குறைய 379-ல் ஒன்று. இதைக் கேட்டதும் சந்தேகம் வலுக்கத்தான் செய்யும். ஆனால் தம்பிக்குப் பதில் உங்களுக்கோ சித்தப்பாவுக்கோ நான்கும் வந்திருந்தாலும் இதே சண்டை வந்திருக்குமல்லவா? அப்படியானால் நான்கு பேரில் யாராவது ஒருவருக்கு வரும் வாய்ப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அது 95-ல் ஒன்று. நாளுக்கு இருபத்தைந்து ஆட்டம் என்று நான்கு நாள் உட்கார்ந்தால் நூறு ஆட்டம் ஆகிவிடும். அதில் ஒரு தடவை இப்படி வந்ததற்காகக் கலைத்தவரைக் குற்றம் சொல்வது அநியாயம்.

அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எப்படிக் கலைத்தார்? நான் இதுவரை போட்ட கணக்கெல்லாம் சீட்டு நன்றாகக் கலைந்திருந்தால் மட்டுமே செல்லும். கழுதையில் வெட்டு விழாத சுற்று ஒவ்வொன்றும் நான்கு ஆட்டின், நான்கு கிளாவர் என்று ஒரே சின்னமாகத்தான் ஒதுங்குகிறது. அந்தக் குவியலை அப்படியே அள்ளி, அரைகுறையாகக் கலைத்து, ஒவ்வொன்றாகப் போட்டால் ஒவ்வொரு நான்கிலிருந்தும் ஆளுக்கு ஒன்று போய்ச் சேரும். எல்லார் கையும் ஏறக்குறைய சமமாக நிற்கும். அதே கட்டைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துக் கொடுத்தால் ஒருவர் கையில் ஆட்டினாகக் குவியும், இன்னொருவருக்கு ஆட்டினே இருக்காது. நன்றாகக் கலைத்த கட்டாக இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டாலும் பதின்மூன்றாக எடுத்துக் கொடுத்தாலும் வாய்ப்பு ஒன்றே.

எவ்வளவு கலைத்தால் போதும்? கட்டை இரண்டாகப் பிரித்து, கட்டைவிரலால் ஓரங்களை விட்டுவிட்டு ஒன்றோடொன்று பின்னுகிறார்களே, அந்த முறையில் 52 சீட்டுக்கு ஏழு தடவை போதும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992-ல் காட்டினார்கள். நம் வீடுகளில் இடது கையில் கட்டைப் பிடித்து, வலது கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மேலே போடுகிறோம். பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகள் பிரியாமல் கொத்தாகவே நகர்வதால் இந்த முறை மிக மந்தமானது. முழுக்கக் கலைய ஆயிரக்கணக்கான தடவை வேண்டியிருக்கும். யாராலும் ஆகிற காரியமில்லை.

பின்னிக் கலைக்க வராதவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 52 சீட்டையும் பாயில் கவிழ்த்துப் பரப்புங்கள். இரண்டு உள்ளங்கையாலும் ஒரு நிமிடம் போல மாவு பிசைவதாக நினைத்து வட்டமாகக் குழப்புங்கள். பிறகு எல்லார் கண்ணெதிரிலும் ஒன்றுசேர்த்து அடுக்கி, சித்தப்பாவையே முதலில் சீட்டுப் போடச் சொல்லுங்கள்.