யார் முதலில் விதைப்பது? – சந்தௌசி சந்தை சொல்லும் பாடம்

விதை, உரம், பூச்சிவிரட்டி பற்றியெல்லாம் இந்த இதழில் நிறையப் படித்துவிட்டோம். இந்த முறை ஒரு ஊரையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஊர் வடக்கே இருக்கிறது. ஆனால் கேள்வி நம் வரப்பிலும் நிற்கிற கேள்விதான்.

வங்கியில் பதவி உயர்வு வந்தால், கூடவே மாற்றலும் வரும். எனக்கு 1996-ல் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் சந்தௌசி பக்கம் ஒரு கிளை. இந்தியில் 'பானி', 'ரோட்டி' தவிர வேறு வார்த்தை தெரியாது. மூன்று வருடம் அங்கே இருந்தேன். விவசாயக் கடன் என்றால் என்ன என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். என் கையெழுத்து என்ன செய்யும் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். ஆனால் அது புரிய இருபது வருடம் ஆனது.

ஊரும் சந்தையும்

சந்தௌசி சின்ன ஊர், ஆனால் பெரிய சந்தை. ரயில் சந்திப்பு. அப்போது மொராதாபாத் மாவட்டத்தில் இருந்தது. 2011-ல் பிரித்தபோது இன்றைய சம்பல் மாவட்டத்துக்குள் வந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு எல்லாமே இந்த ஊர்தான். கோதுமை விற்க, உரம் வாங்க, கல்யாணத்துக்குத் துணி எடுக்க, கடன் கேட்க எல்லோரும் இங்கேதான் வரவேண்டும். மண்டியில் விவசாயிக்கும் வியாபாரிக்கும் நடுவே 'ஆடத்தி' என்ற கமிஷன் தரகர் உட்கார்ந்திருப்பார். விற்றுக் கொடுப்பவரும் அவரே, அவசரத்துக்குப் பணம் கொடுப்பவரும் அவரே. நாங்கள் வங்கிக்காரர்கள் படிவம் நிரப்பி முடிப்பதற்குள் அவர் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிடுவார்.

இந்த ஊரை உலகம் அறிந்த ஊராக்கியது மெந்தா எண்ணெய். நாம் சட்னி அரைக்கிற புதினாவுக்கு உறவுக்காரச் செடி. கிராமத்தில் 'பிப்பர்மெண்ட்' என்பார்கள். தைலம், இருமல் மிட்டாய், பற்பசை எல்லாவற்றிலும் அந்தக் குளிர்ச்சி இதிலிருந்து எடுக்கிற மெந்தாலால் வருவது. நாட்டின் பொருள் சந்தையில் 2005-ல் மெந்தா எண்ணெய்க்கு முன்பேர வணிகம் தொடங்கியபோது, விலை சொல்லும் இடமாக சந்தௌசியையே வைத்தார்கள்.

நெல், கோதுமைக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் மூன்றாவது பயிராக இது வந்து உட்கார்ந்தது. வேர்த்துண்டை ஜனவரி, பிப்ரவரியில் நடுவார்கள். உருளைக்கிழங்கு, கடுகு, கோதுமை எடுத்த பிறகு நாற்று நடுபவர்களும் உண்டு. மழை தொடங்குவதற்கு முன் அறுத்தாக வேண்டும். அறுத்ததை வாடவிட்டு 'டங்கி'யில் அடைத்து, அடியில் தண்ணீர் ஊற்றித் தீ மூட்டுவார்கள். நீராவி இலைக்குள் நுழைந்து எண்ணெயைத் தூக்கிக்கொண்டு குழாய் வழியே போய், குளிர்ந்து, தண்ணீரின் மேல் எண்ணெயாக மிதக்கும். சக்கையைக் காயவைத்து அடுத்த ஈடுக்கு விறகாக எரிப்பார்கள். ஏக்கருக்குச் சுமாராக 40 முதல் 60 கிலோ எண்ணெய். ஜூன் மாதம் அந்தப் பக்கம் எந்தக் கிராமத்துக்குள் போனாலும் மூக்கு குளிர்ந்துவிடும்!

இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. ஒரு வண்டி தழை ஒரு கேன் எண்ணெயாகச் சுருங்கிவிடுகிறது. அழுகாது, இடமும் அடைக்காது. வீட்டு மூலையில் வைத்துவிட்டு, பெண் கல்யாணத்தின்போது எடுத்து விற்பார்கள். விளைந்த அன்றே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத விவசாயியை நான் முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன்.

இனி பாடத்துக்கு வருவோம்.

முதல் பாடம்: குருவிக்குப் பயந்த விதை

சந்தௌசியிலிருந்து மொராதாபாத் போகிற ரயில் பாதையில், பதின்மூன்று கிலோமீட்டர் தூரத்தில் பாலன்பூர் என்று ஒரு கிராமம். பார்க்க மற்ற கிராமங்களைப் போலத்தான் இருக்கும். ஆனால் 1957-58-லிருந்து பொருளியல் அறிஞர்கள் திரும்பத் திரும்ப வந்து, வீடு வீடாகக் கணக்கெடுத்த ஊர் அது. நிக்கோலஸ் ஸ்டெர்ன், ஜான் திரேஸ், பீட்டர் லாஞ்சோ, ஹிமான்ஷு போன்றவர்கள் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் பாதி நிலத்துக்குத்தான் பாசனம். 1974-75-ல் கிட்டத்தட்ட முழு நிலத்துக்கும் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு மெல்ல மெல்ல செங்கல் சூளை, மொராதாபாத் பித்தளைப் பட்டறை, ரயில்வே வேலை என்று வெளி வருமானம் விவசாயத்தை முந்திவிட்டது.

சாமுவேல் போல்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் இந்த ஊருக்குப் போனவர். 2004-ல் வந்த தம் நூலில் ஒரு விஷயத்தைச் சொல்கிறார். பாலன்பூர்க்காரர்கள் குளிர்காலப் பயிரை, நல்ல மகசூல் தருகிற பருவம் தாண்டி, சில வாரம் பிந்தித்தான் விதைக்கிறார்கள். ஏன்? முன்னால் விதைப்பது நல்லது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் முதலில் விதைப்பவன் வயலில் ஊரில் உள்ள பறவை அத்தனையும் வந்து இறங்கும். எல்லோரும் ஒரே நாளில் விதைத்தால் பறவை தின்பது பங்காகிப் போய்விடும். அப்படிப் பேசிவைத்துக்கொண்டு விதைக்கலாமே என்று கேட்டால், அது தெரிந்திருந்தால் நாங்கள் ஏழையாகவே இருந்திருக்க மாட்டோமே என்கிற பொருளில் பதில் வந்ததாம்.

இதைப் படித்தபோது நான் ஓய்வு பெற்று வயலுக்கு வந்துவிட்டேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அறிவு இல்லாமல் இல்லை, உழைப்பு இல்லாமல் இல்லை. பக்கத்து வயல்காரன் நாளைக்கு விதைப்பான் என்ற நம்பிக்கைதான் இல்லை.

இரண்டாம் பாடம்: நான் கையெழுத்துப் போட்ட போர்கள்

மெந்தா தண்ணீர் குடிக்கிற பயிர். வெயில் ஏற ஏற வாரத்துக்கு ஒரு தண்ணீர் கேட்கும். என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் பாதி போர்வெல், டீசல் பம்புசெட் கடன்தான். ஒவ்வொரு கோப்பையும் ஒழுங்காகப் பார்த்தேன். நிலம் இருக்கிறதா? இருக்கிறது. வருமானம் வருமா? வரும். திருப்பிக் கட்டுவாரா? கட்டினார்கள் ஐயா, வசூலில் எங்கள் கிளைக்குப் பாராட்டுக் கடிதமே வந்தது. கிணற்றுக்குக் கிணறு இத்தனை தூரம் இருக்க வேண்டும் என்ற விதியும் தாளில் இருந்தது. தாளில் சரியாகவும் இருந்தது.

நான் பார்க்காதது ஒன்றுதான். நூறு கோப்புக்கும் அடியில் இருந்த தண்ணீர் ஒன்றுதான் என்பது.

மட்டம் இறங்கியதும் முதலில் மேலே இருந்த பம்பைக் குழி தோண்டிக் கீழே இறக்கினார்கள். பிறகு குழியை ஆழப்படுத்தினார்கள். அப்புறம் நீர்மூழ்கி மோட்டார். காசு உள்ளவர் அடுத்த ஆழத்துக்குப் போனார். இல்லாதவர் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறவர் ஆனார். சம்பல் மாவட்ட ஒன்றியங்கள் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கும் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. 2022-ல் ஹரித்வார் போகிற வழியில் ஒரு நாள் சந்தௌசியில் தங்கினேன். பழைய வாடிக்கையாளர் ஒருவரைத் தேடிப் போனேன். டீ கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேனேஜர் சாப், நீங்க கொடுத்த கடனை அப்பவே அடைச்சிட்டேன். அந்தப் போரைத்தான் மண் போட்டு அடைச்சிட்டேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு டீ இறங்கவில்லை.

விதைப்பில் யாரும் முதலில் இறங்கவில்லை. கிணற்றில் எல்லோரும் போட்டி போட்டு இறங்கினார்கள். இரண்டுமே ஒரே நோய்தான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாக் கணக்கும் சரி. கூட்டிப் பார்த்தால் நஷ்டம்.

மூன்றாம் பாடம்: விலை ஏறிய மறுவருடம்

2012 தொடக்கத்தில் மெந்தா எண்ணெய் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டியது. ஊரே மெந்தா நட்டது. அதே 2012-ல்தான் ஜெர்மனியில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை மெந்தால் ஆலையைத் திறந்தது. வாங்குகிறவனுக்கு வேறு வழி கிடைத்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் விலை பாதிக்கும் கீழே போனது. போன வருட விலையைப் பார்த்து இந்த வருடம் நடுகிறவர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர். பாரம்பரிய நெல்லுக்கும் இது பொருந்தும். கருப்புக் கவுனிக்கு நல்ல விலை என்று கேள்விப்பட்டு ஒரு பகுதியே கவுனி நட்டால் என்ன ஆகும் என்பதை நம்மில் சிலர் அனுபவித்திருப்போம்.

சேர்ந்தால் நடப்பது

நம்பிக்கை இழக்க வேண்டாம். நல்லதும் அந்த மண்ணிலேயே இருக்கிறது. லக்னோவில் உள்ள மருந்து, நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், பார் பிடித்து அதில் மெந்தாவை முன்கூட்டியே நடும் முறையைச் சொல்லிக்கொடுத்தது. தண்ணீர் மிச்சம், பயிரும் மழைக்கு முன் கைக்கு வருகிறது.

இன்னொன்று சோத் ஆறு. அம்ரோகாவில் தொடங்கி, சம்பல் வழியாக பதாயூன் போகிற சின்ன ஆறு. தூர்ந்து, உழுது, காணாமலே போயிருந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் சேர்ந்து, நூறு நாள் வேலையில் தூர்வாரி, கரையில் மரம் வைத்து, மறுபடி தண்ணீர் ஓடவைத்தார்கள். ஒரு கிராமம் மட்டும் தன் எல்லைக்குள் தூர்வாரியிருந்தால் அது குட்டையாகத்தான் இருந்திருக்கும். ஆறாக இருக்க எழுபது ஊர் வேண்டும்.

நம் வயலுக்கு

என் ஒன்றரை ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா போட்டேன். அக்கம்பக்கம் எல்லாம் குறுகிய வயது ரகம். அவர்கள் அறுத்து முடித்தபின் என் வயல் மட்டும் தனியாக நின்றது. சுற்றுவட்டார எலியும் கிளியும் மயிலும் எனக்கே விருந்தாளி. ஒன்பது மூட்டைதான் மிஞ்சியது. "இயற்கை விவசாயம்னா இப்படித்தான்" என்று டீக்கடையில் சிரித்தார்கள். தோற்றது இயற்கை விவசாயம் இல்லை. பாலன்பூரில் முதலில் விதைத்தவனின் கதிதான் எனக்கும்.

மறுவருடம் ஒரே தாக்கில் நிலம் உள்ள ஏழு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். இரண்டு பேர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார்கள். மற்ற ஐந்து பேரும் நானுமாக ஆறு பேர் ஒரே ரகம், ஒரே நாள் நாற்று விட்டோம். எலிக்கு இடுக்கி, காவல் முறை எல்லாம் பங்கு போட்டுக்கொண்டோம். எனக்குப் பதினாறு மூட்டை கிடைத்தது. விலகிய ஒருவர் இந்த வருடம் தானாக வந்து தேதி கேட்டார்.

ஆகவே என் யோசனைகள்:

1. சேருவதற்கு ஊர் முழுக்க வேண்டியதில்லை. ஒட்டிய நிலம் உள்ள நாலைந்து பேர் போதும். தூரத்து நண்பரைவிட வரப்புப் பங்காளி முக்கியம், பேச்சுவார்த்தை இல்லாதவராக இருந்தாலும்.

2. தேதியை எழுதி வையுங்கள். 'ஐப்பசியில் பார்த்துக்கலாம்' என்பது தேதி இல்லை.

3. முதல் வருடம் நஷ்டம் வந்தால் எப்படிப் பகிர்வது என்று முன்பே பேசிவிடுங்கள். லாபத்தைப் பகிர்வதில் சண்டை குறைவு.

4. புதுப் போர் போடுமுன், பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கடன் கொடுக்கிற அதிகாரி கேட்க மாட்டார். நானே கேட்கவில்லை.

5. விளைந்ததைச் சில மாதமாவது வைத்திருக்கிற வழி பாருங்கள். அரிசியோ, எண்ணெயோ, மாவோ, காத்திருக்க முடிந்தவனுக்குத்தான் சந்தையில் வாய் உண்டு.

முப்பத்தாறு வருடம் வங்கியில் தனித்தனிக் கணக்குகளைப் பார்த்துப் பழகியவன் நான். வயலில் தனிக்கணக்கு என்று ஒன்று கிடையாது என்பதை இப்போதுதான் படிக்கிறேன். இந்தச் சம்பாவுக்கு எங்கள் தாக்கில் எட்டுப் பேர். உங்கள் வரப்பில் எத்தனை பேர் என்று எழுதுங்கள்.