கடல் வெப்பமும் மலையோர மக்களும்

இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு அப்பால், இரவிகுளம் தேசியப் பூங்காவை ஒட்டிப் பெட்டிமுடி என்னும் சிறு தோட்டக் குடியிருப்பு இருந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு சுமார் பத்தே முக்கால் மணிக்கு, மேலேயிருந்த மலைச்சரிவு பெயர்ந்து வந்து அங்கிருந்த நான்கு லயங்களை மூடிற்று. எழுபது பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் முன்னரே அற்றுப் போயிருந்தமையால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. வழியிலிருந்த பெரியவரைத் தற்காலிகப் பாலம் வெள்ளத்தால் சேதமுற்றிருந்ததால் மீட்புக் குழுவினர் செல்வதும் தாமதமாயிற்று. இறந்தோரில் பெரும்பாலோர், பல தலைமுறைகளுக்கு முன் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள்.

இத்தகைய நிகழ்ச்சிகளை நாம் 'இயற்கைப் பேரிடர்' என்ற தலைப்பில் பதிவு செய்துவிட்டு அடுத்த கோப்பை எடுப்பது வழக்கம். அத்தலைப்பு எந்த அளவுக்குப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குக் கடலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கடலில் நிகழ்வது

தென்மேற்குப் பருவக்காற்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாக நிலநடுக்கோட்டைக் கடந்து, சோமாலியா அருகே திரும்பி, அரபிக் கடலைக் குறுக்காகக் கடந்து கேரளக் கரையை அடைகிறது. நிலமட்டத்திலிருந்து ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் மிகுவேகத்துடன் வீசும் இக்காற்றோட்டத்தை 1969இல் ஃபிண்ட்லேட்டர் என்னும் வானிலை அறிஞர் விளக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இக்காற்று கடற்பரப்பிலிருந்து நீராவியை வாரிக்கொண்டு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் மேலெழும்பிக் குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. மலையைக் கடந்தபின் கீழிறங்கி வெப்பமடைந்து வறண்டு போகிறது.

காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு சுமார் 7 சதவீதம் கூடும் என்பது இயற்பியல் விதி. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 1951க்கும் 2015க்கும் இடையே சுமார் ஒரு டிகிரி உயர்ந்துள்ளது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 டிகிரி மட்டுமே. ஆகவே நமது கடல் ஏனைய கடல்களைவிட வேகமாக வெப்பமடைந்து வருகிறது எனலாம்.

அவ்வாறாயின் மழை பெருகியிருக்க வேண்டுமே என்று மாணவர் கேட்கக்கூடும். இல்லை. அதே மதிப்பீட்டின்படி, அந்த அறுபத்தைந்து ஆண்டுகளில் இந்தியாவின் கோடைப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்துள்ளது. குறைவு தெளிவாகப் புலப்படும் பகுதிகளில் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்று. நிலம் சூடேறுவதற்கும் கடல் சூடேறுவதற்கும் உள்ள வேறுபாடே பருவக்காற்றை இழுத்து வரும் விசையாகும். கடல் விரைந்து சூடேறினால் அவ்வேறுபாடு சுருங்கி, காற்றோட்டம் தளர்கிறது. அதே சமயம் கடலின் மேலுள்ள காற்றில் ஈரம் மிகுகிறது. காற்று வலுவடையும் சில நாட்களில் அவ்வளவு ஈரமும் ஒரேயடியாக வந்து கொட்டிவிடுகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோலும் அவர் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, மத்திய இந்தியாவில் பரந்த நிலப்பரப்பில் பெய்யும் அதிகனமழை நிகழ்வுகள் 1950க்குப் பின் மும்மடங்காகி உள்ளன என்றும், அவற்றுக்கான ஈரம் பெரிதும் அரபிக் கடலிலிருந்து வருகிறது என்றும் காட்டிற்று.

முதுகலை வகுப்பில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடங்களுள் ஒன்று, சராசரியை நம்பி ஆற்றில் இறங்காதே என்பது. பருவமழையின் மொத்த அளவு குறைந்தது என்று கேட்டு ஆறுதல் கொள்வோர் அப்பாடத்தை மறந்தவராவர்.

ஒரு நாள் மழை

24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டும் மழையை வானிலை ஆய்வுத் துறை அதன் மிக உயர்ந்த வகுப்பில் சேர்க்கிறது. பெட்டிமுடிப் பகுதியில் அந்நாளில் தோட்டத்து மழைமானி காட்டிய அளவு 600 மில்லிமீட்டருக்கும் மேல். ஒரு சதுரமீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். எனவே ஒரு ஹெக்டேர் சரிவின்மேல் ஒரே நாளில் அறுபது லட்சம் லிட்டர், அதாவது ஆறாயிரம் டன் நீர் விழுந்தது. அதற்கு முந்திய நாட்களின் மழையால் மண் ஏற்கெனவே நனைந்திருந்தது. பாறைமேல் மெல்லிய போர்வையாகப் படிந்துள்ள மண் இப்பாரத்தைத் தாங்க இயலாது.

மலைநாட்டுக்குப் பெருமழை புதிதன்று. கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924 ஜூலையில் வந்த வெள்ளம் மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதையையே அழித்துவிட்டது. அப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. எனினும் அண்மைக்கால நிகழ்வுகள் அடுத்தடுத்து வருவதைக் கவனிக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மாநிலம் முழுவதும் நானூறு பேருக்கு மேல் இறந்தனர். இடுக்கி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் அப்போதுதான் திறக்கப்பட்டன. 2020இல் பெட்டிமுடி. 2021 அக்டோபரில் கொக்கையாறும் கூட்டிக்கலும். 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும். இந்த வயநாட்டு மழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒன்று, மனிதச் செயலால் ஏற்பட்ட வெப்ப உயர்வு அம்மழையைச் சுமார் 10 சதவீதம் கடுமையாக்கிற்று என்று மதிப்பிட்டது. இங்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் பலியானவற்றுள் அடங்கும்.

மலையின் மறுபுறம்

இதே காற்றின் மற்றொரு முகத்தைக் காண மூணாற்றிலிருந்து சாலைவழி நாற்பது கிலோமீட்டர் சென்றால் போதும். மறையூரும் சின்னாறும் மழைமறைவுப் பகுதிகள். முட்செடியும் கள்ளியும் வளரும் நிலம். வடக்கே பாலக்காட்டுக் கணவாய், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடரைத் திறந்துவிட்டிருக்கிறது. காற்று அவ்வழியே தடையின்றிக் கோவைச் சமவெளிக்குப் பாய்வதால், சித்தூர் வட்டத்தின் கிழக்கிலுள்ள எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற ஊராட்சிகளுக்குக் கேரளத்தின் மற்றப் பகுதிகளுக்குக் கிடைக்கும் மழை கிடைப்பதில்லை. இங்கும் வாழ்வோரில் பெரும் பகுதியினர் தமிழர். 1956 மாநிலச் சீரமைப்புக்கு முன் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது; தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தன. மூன்றுமே கேரளத்தில் இணைந்தன.

பாலக்காட்டின் அட்டப்பாடியில் இவ்விரு முகங்களும் ஒரே வட்டாரத்தில் அமைந்துள்ளன. அதன் மேற்குச் சரிவில் மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. கிழக்கில் ஆயிரத்துக்கும் குறைவு. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் 1951இல் அங்கு மக்கள் தொகையில் பத்தில் ஒன்பது பங்கினர். இன்று பாதிக்கும் குறைவு. குடியேறியோர் கைக்கு நிலம் மாறியபின், மீதியிருந்த வறண்ட சரிவே அவர்கள் பங்காயிற்று. பறிபோன நிலத்தை மீட்டுத் தரக் கேரளம் 1975இல் சட்டம் இயற்றியும் அதன் நடைமுறை பல்லாண்டு இழுபட்ட கதையை அதிகாரிகள் அறிவர். மழை தவறிய ஆண்டிலும் கேழ்வரகும் சாமையும் தினையும் விளைவித்த பஞ்சக்காட்டு வேளாண்மை, நிலத்தோடு சேர்ந்தே சுருங்கிப் போயிற்று. 2017இல் தொடங்கிய சிறுதானியக் கிராமத் திட்டம் அவ்வித்துகளை மீண்டும் வயலுக்குக் கொண்டுவர முயன்றது. மழைப் போக்கு நிலையற்றதாகும் காலத்தில் இது பழம்பெருமைப் பேச்சன்று. காப்பீட்டுக்கு நிகரான பொருளாதார ஏற்பாடு.

ஆக, மிகுதியான மழை விழும் இடத்திலும் மழையற்ற இடத்திலும், இருப்பிடத்தைத் தாமே தெரிவு செய்யும் வாய்ப்பில்லாதவரே முன்னே நிற்கின்றனர்.

லயம் என்னும் ஏற்பாடு

தோட்டத்து லயம் தொழிலாளிக்குச் சொந்தமன்று. அது வேலையோடு பிணைந்தது. வேலை ஓய்ந்தால் வீட்டை விட வேண்டும். ஆகவே வீடு கைவிட்டுப் போகாதிருக்கப் பிள்ளைகளுள் ஒருவரையாவது கொழுந்து பறிக்க நிறுத்திவைக்கும் குடும்பங்கள் உண்டு. கூலியைப் பற்றிய புள்ளிவிவரங்களில் இக்கட்டுப்பாடு தென்படுவதில்லை. லயம் எங்கே அமைய வேண்டும் என்பதைப் பல பத்தாண்டுகளுக்கு முன் தோட்ட நிர்வாகத்தினர் முடிவு செய்தனர். நீர் அருகிலிருக்க வேண்டும், பயிர் நிலம் வீணாகக் கூடாது என்ற இரண்டு கணக்குகளால் அது பெரும்பாலும் ஓடைக்கரையிலோ பள்ளத்திலோ அமைந்தது. அன்றைய மழைக்கு அக்கணக்கு ஒருவாறு ஒத்துவந்திருக்கலாம்.

இம்மக்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர். வேறு மாநிலத்திலிருந்து வந்தோர் வழியினர் என்பதால், 1950க்கு முன்பே குடும்பம் இங்கு வாழ்ந்தது என்பதை மெய்ப்பித்தாலன்றிச் சாதிச் சான்றிதழ் பெறுவதில் இடர் ஏற்படுகிறது. தலைமுறை தலைமுறையாக நிறுவனத்தின் வீட்டில் வாழ்ந்தவரிடம் நிலப்பத்திரமோ வரி இரசீதோ எப்படி இருக்கும்? எஞ்சியிருந்த தாள்களையும் மண்சரிவு கொண்டுபோய்விடுகிறது.

எச்சரிக்கையின் மொழியும் கருதத்தக்கது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தத்தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. மனு தருவதற்குள்ள இவ்வுரிமை, மழை எச்சரிக்கையைப் பெறுவதற்கும் பொருந்த வேண்டுமல்லவா? மேலும், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் எச்சரிக்கைகள் மாவட்ட அளவில் விடுக்கப்படுகின்றன. இடுக்கியின் பரப்போ நாலாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். குறிப்பிட்ட ஒரு சரிவின்கீழ் உறங்குபவர் அன்றிரவு எழுந்து செல்ல வேண்டுமா என்பதை மாவட்ட நிறம் சொல்லாது. ஒரு தோட்டத்தில் மழைக் குறிப்பேட்டைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஒவ்வொரு நாளும் காலையில் மிக ஒழுங்காக அளவு எழுதப்பட்டிருந்தது. அது தேயிலை விளைச்சலைக் கணிப்பதற்காக. லயத்து மக்களுக்கு அந்த எண்ணைச் சொல்லும் வழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. மழைமானிக்கும் லயத்துக்கும் இடையே கூப்பிடு தூரந்தான்.

ஒரு சட்டச் சொல்

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951, தொழிலாளிக்கு வீடு தரும் பொறுப்பை முதலாளிமேல் சுமத்தியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வீடு இடிந்து தொழிலாளியோ அவர் குடும்பத்தினரோ இறந்தால் அல்லது காயமுற்றால் நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும் என்றது. ஆனால் ஒரு விலக்கு உண்டு: வீடு இடிந்ததற்குக் குடியிருப்பவரின் தவறோ இயற்கைப் பேரிடரோ மட்டுமே நேரடிக் காரணமாயின் அப்பொறுப்பு இல்லை. பெட்டிமுடி நிகழ்ந்து ஏழு வாரங்களில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 75ஆம் பிரிவிலும் அதே விலக்கு இடம்பெற்றுள்ளது.

எனவே உதவித் தொகை என்பது உரிமையாக வராமல் அரசின் கருணையாக வருகிறது. கருணைக்கு அளவுகோல் இல்லை. பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 5 லட்சம் ரூபாய். மறுநாள் கரிப்பூர் விமான விபத்தில் இறந்தோர் குடும்பத்துக்கு அறிவித்தது 10 லட்சம். இவ்வேறுபாடு அப்போதே கேள்விக்குள்ளாயிற்று.

பேரிடர் என்பதன் சட்டப் பொருளில் முன்கூட்டி அறிய இயலாமை என்னும் கருத்து உட்பொதிந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லயத்துக்கு இடம் குறித்தவருக்கு அது பொருந்தும். கடல் எவ்வளவு சூடாகியுள்ளது, பெருமழை எவ்வளவு மிகுந்துள்ளது, எந்தச் சரிவுகள் பெயரக்கூடியவை என்பவை அளந்து வெளியிடப்பட்டபின், அதே இடத்தில் அதே லயத்தைத் தொடர்ந்து வைத்திருப்பவருக்கு அது பொருந்துமா? 'மட்டுமே' என்ற சொல்லுக்கு இங்குதான் எடை உண்டு. சரிவு பெயர்ந்ததற்கு மழை காரணம். அதன்கீழ் மக்கள் உறங்கியதற்கு மழை காரணமன்று. விதிகளை வகுக்கும் அதிகாரிகள், நிலச்சரிவு அபாய வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடத்திலுள்ள வீடுகளுக்கு இவ்விலக்கு செல்லாது எனத் தெளிவுபடுத்துவது பற்றி ஆராயலாம். அவ்வாறு செய்தால் லயங்களை இடம் மாற்றும் செலவு நிர்வாகத்தின் கணக்கேட்டிலேயே இடம்பெறும். இப்போது அச்செலவைத் தொழிலாளி தன் உயிரால் ஈடுகட்டுகிறார்.

பெட்டிமுடியில் உயிர் தப்பியோரில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலத்தில் தலா ஐந்து சென்ட் ஒதுக்கப்பட்டு, தோட்ட நிறுவனத்தின் செலவில் வீடுகள் கட்டித் தரப்பட்டன. அந்த எட்டு வீடுகளில் குடியிருப்பவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை.