ஃபோர்க் வாங்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

மவுண்டன் பைக்கின் முன் ஃபோர்க்கை மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் போடலாமா, 120 போடலாமா?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ஃபிரேமுக்குள் நுழையும் ஸ்டீயரர் குழாய் எந்த ரகம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விலை குறைந்த சைக்கிள்களில் இந்தக் குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனில், 28.6 மி.மீ. இருக்கும். அதாவது 1⅛ அங்குலம். இன்றைய நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை அடிப்பக்கம் 1½ அங்குலமாகப் பருத்த டேப்பர் ரகம். ஸ்டீயரர் நுழையும் ஃபிரேமின் கழுத்தான ஹெட் டியூபின் உள்விட்டம் 34 மி.மீ. என்றால் டேப்பர் அதில் ஏறாது. "எப்படியாவது உட்கார வைக்கிறேன்" என்று மெக்கானிக் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். உள்விட்டம் 44 மி.மீ. என்றால் வழி உண்டு. கீழ் பேரிங் கப்பை வெளியே துருத்தி நிற்கும் ரகமாக மாற்றினால் டேப்பர் உட்காரும். முன்பக்கம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும், அவ்வளவுதான்.

பழைய ஃபோர்க் வாங்குவதாக இருந்தால் ஸ்டீயரரின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். முன்பு வைத்திருந்தவர் தன் ஃபிரேமுக்கு ஏற்ப வெட்டியிருப்பார். நீளமாக இருந்தால் அறுத்துக்கொள்ளலாம், குட்டையாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது சக்கரம். 9 மி.மீ. க்விக் ரிலீஸ் ஹப்பை 15 மி.மீ. ஆக்சில் ஃபோர்க்கில் அப்படியே மாட்ட முடியாது. சில ஹப்புகளில் முனை மூடிகளை மாற்றி 15×100 ஆக்கலாம். 15×110 பூஸ்ட் என்றால் பெரும்பாலும் புதுச் சக்கரமே வாங்க நேரும். வி-பிரேக் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் புதிய ஃபோர்க்குகளில் அதற்கான குமிழ்கள் அனேகமாக இருப்பதில்லை.

இப்போது அந்த 120-க்கு வருவோம். ஃபோர்க்கின் உயரம் 20 மி.மீ. கூடினால் ஹெட் டியூபின் கோணம் சுமார் ஒரு டிகிரி சாயும். ஏற்றத்தில் முன்சக்கரம் அலைபாயும், ஃபிரேமின் கழுத்துப் பற்றவைப்பில் சுமையும் ஏறும். 100 மி.மீ.க்கு வடிவமைத்த ஃபிரேமுக்கு நல்ல 100 மி.மீ. ஏர் ஃபோர்க்தான் என் தேர்வு. நேர் குழாயும் 9 மி.மீ. ஆக்சிலும் உள்ளவர்களுக்கு சன்டூர் எக்ஸ்சிஆர் ஏர், ராக்‌ஷாக்ஸ் ஜூடி சில்வர் ஆகியவற்றில் பொருந்தும் ரகங்கள் உண்டு. ஃபோர்க்கின் விலை சைக்கிளின் விலையில் பாதியைத் தாண்டுகிறதா? அப்படியானால் பணத்தைச் சேர்த்து வேறு சைக்கிளே வாங்கிவிடலாம்.

மாட்டியதும் ஷாக் பம்பால் காற்றடியுங்கள், டயர் பம்ப் இதற்கு ஆகாது. ஃபோர்க்கின் பளபளப்பான காலில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, பையும் ஹெல்மெட்டுமாக ஏறி அசையாமல் நில்லுங்கள். மெல்ல இறங்கிப் பார்த்தால் வளையம் 20 முதல் 25 மி.மீ. மேலே ஏறியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள்.