வழியும் கிணறும்

குடியாட்சிக்கு வாக்குச்சீட்டே வேரென்பர். பொதுவீதியில் நடக்கவொண்ணாதான் வாக்குச்சாவடியை எங்ஙனம் அடைவான்? மதுராந்தகத்தையடுத்த கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், பொதுவழியும் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியனவென்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டசபையில் நிறைவேற்றுவித்தார். நன்றே, ஆயின் தீர்மானம் சட்டமாகாது. வழக்கமென்று கூறி வழிமறிப்பாரை அஃது என்செய்யும்?

நாம் இரயிலிற் கடந்துசெல்லும் பரங்கிமலையிற் பிறந்து, நம் கல்லூரியிற் பயின்ற எம். சி. இராஜா அவர்கள் கொணர்ந்த மசோதா 1938-இல் சட்டமாயிற்று. அவ்வழக்கத்தை எந்த நியாயஸ்தலமும் ஏற்றலாகாதென்றது அது. மறிப்பார்க்குத் தண்டனையும் விதித்தது. கோயில் வாயில் மட்டும் அதனுள் அடங்கவில்லை. அதன்பொருட்டு அவர் கொணர்ந்த வேறொரு மசோதா அவ்வாண்டே சபையில் தோல்வியுற்றது. ஆலயப் பிரவேசத்தை இராசதானி முழுதும் உரிமையாக்கிய சட்டம் 1947-இலேதான் வந்தது. அதனைக் காண அவர் இல்லை, 1943-இலேயே மறைந்தார்.