மலைவீட்டுச் சாளரத் திரை

தமிழ் பயிலும் மாணாக்கர் திரைச்சீலை தைப்பதைப்பற்றி எழுதப் புகுவது நண்பர் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். நகைப்பினும் இழுக்கில்லை. சாளரத்திற்கும் திரைக்கும் நம் முன்னோர் இட்டு வழங்கிய பெயர்களை எண்ணிப் பார்ப்பின், இப்பொருள் எம் துறைக்கு அத்துணைப் புறம்பானதன்று என்பது விளங்கும். 'காலதர்' என்பது சாளரத்தின் பழம்பெயர்களுள் ஒன்று. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. 'பலகணி' என்பது மற்றொன்று. நாம் நாள்தோறும் வழங்கும் 'சன்னல்' என்பதோ போர்த்துகீசியரொடு கப்பலேறி வந்த சொல். திரைக்கு 'எழினி' என்று பெயர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் நாடக அரங்கிற்குரிய எழினி மூன்று கூறப்படுகின்றன. ஒருபுறமிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இருபுறமிருந்தும் வந்து நடுவே பொருந்துவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இக்காலத்து வீடுகளில் சன்னலுக்கு இரண்டாகத் தொங்கவிடப்படுவது பொருமுக எழினியேயன்றி வேறன்று. இதனை எம் அன்னையாரிடத்துக் கூறியபோது, "அப்படியா கண்ணு, பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு, துணிக்கு வழி சொல்லு" என்றனர். ஆதலின் துணிக்கு வழி கண்ட வரலாற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

எம் இல்லம் ஜவ்வாது மலைமேல், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்லும் சாலையை ஒட்டியுள்ளது. அம்மலைத் தொடர் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களிற் பரந்து கிடக்கின்றது. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். (மலையை ஆள்வோர் என்னும் பொருளிலேயே அப்பெயர் வழங்குகின்றது; கேரள நாட்டாரென்று எம் விடுதி நண்பர் பலர் மயங்குவதால் இதனைக் குறித்தோம்.) சாமையும் தினையும் விளையும் அவ்வூர்களின் பழைய கூரைவீடுகளிற் பெரும்பாலும் சாளரமே இல்லை. குளிரை வெளியே நிறுத்துதற்கு அதனினும் எளிய வழி வேறில்லையன்றோ? கற்சுவரும் காரைத்தளமும் வந்த பின்னரே சாளரமும் வந்தது. சாளரத்தொடு திரையின் கவலையும் வந்தது.

நெடுநல்வாடையில், வேனிற்காலத்தில் தென்றலை உள்ளே விட்ட சாளரங்கள் கூதிர்காலத்தில் கதவடைத்துத் தாழிடப்பட்டுக் கிடப்பதாக நக்கீரர் பாடியுள்ளார். அரண்மனையில் அங்ஙனம் அடைத்தல் எளிது. எம் இல்லத்திலோ அறைகள் இரண்டே. சன்னற்கதவை அடைத்தால் அடுப்புப்புகை உள்ளேயே சுழன்று கண்ணைக் கரிக்கும். திறந்தால் மார்கழிப்பனி படுக்கைவரை வரும். அதனினும் பெரிதான இடர் ஒன்றுண்டு. சாலையை நோக்கிய அறையிலேதான் எம் தங்கை இரவிற் படிப்பாள். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச்சு மாதத்தில் அவளை எதிர்நோக்கியிருந்தது. பேருந்துக்குக் காத்து நிற்போர் கண்களெல்லாம் அச்சன்னலின் மேலேயே படியும். ஆதலால் கதவை அடைத்துக்கொண்டு புகையில் இருமியவாறே அவள் படித்துவந்தாள். சின்னாளில் படிப்பதையே குறைத்துக்கொண்டாள். திரை என்பது எமக்கு அணிகலனாகத் தோன்றாமற் போனமைக்கு இதுவே காரணம்.

ஆயத்தத் திரைகளை விலை வினவினோம். மலையடிவாரத்து ஊரொன்றில் ஒரு திரைக்கு 350 ரூபாய் கேட்டனர். எம் இல்லத்துச் சன்னல்கள் மூன்று. ஒன்றுக்கு இரண்டாக ஆறு திரைகள் வேண்டும். 2,100 ரூபாய் எம் தந்தையாரின் மாத வருவாயில் எவ்வளவு என்பதை இங்கு எழுத அவர் விரும்பார்.

முந்திய ஆண்டில் யாம் செய்த பிழையை முதற்கண் கூறிவிடுகின்றோம். சந்தையில் வெளுக்காத காடாத்துணி மீட்டர் 70 ரூபாயாக ஏழு மீட்டர் வாங்கி, சன்னலை அளந்து, அளந்தபடியே வெட்டித் தைத்துத் தொங்கவிட்டோம். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஒரு திங்கள் கழித்து வெளுத்து உலர்த்தியபோது 41 அங்குலமாயிருந்த திரை 38 அங்குலமாகச் சுருங்கிவிட்டது. சன்னலின் அடிக்கட்டைக்கு மேலே ஓரங்குலம் இடைவெளி! அவ்வோரங்குலத்தின் வழியே வந்த குளிர் முழுச் சன்னலின் வழியே வந்த குளிரினும் கொடியதாகத் தோன்றியது. தறியில் இறுக இழுக்கப்பட்டு நெய்யப்பட்ட நூல் நீர் பட்டவுடன் தளர்ந்து தன் இயல்பான நிலைக்கு மீளுதலே இச்சுருக்கத்திற்குக் காரணம். புதுத்துணியை வெட்டுமுன் ஓரிரவு நீரில் ஊறவைத்து, பிழியாது உலர்த்திக்கொள்ளல் வேண்டும் என்னும் பாடத்தை 490 ரூபாய் கொடுத்துக் கற்றோம்.

பழந்துணியின் பெருமை இங்கேதான் உள்ளது. நூறுமுறை துவைத்த சேலை இனிச் சுருங்குமாறு எங்ஙனம்? சாயம் போகுமாயின் முன்னமே போயிருக்கும். கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு யாம் சென்றிருந்தபோது அன்னையார் தம் தகரப்பெட்டியினின்று பச்சை நிறப் பருத்திச்சேலை ஒன்றை எடுத்து வைத்தனர். அஃது அவர் மணமாகி வந்த மறுஆண்டு பாட்டியார் எடுத்துக் கொடுத்தது. யாம் தயங்கினோம். "வெட்டு கண்ணு. பெட்டியிலே கெடந்து பூச்சி அரிக்கிறதுக்கு, புள்ள படிக்கிற எடத்துல தொங்கட்டும்" என்றனர். ஆயினும் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தாம் தண்ணீர்க் குடத்தொடு வெளியே சென்றுவிட்டனர்.

இனி அளவுகளைக் கூறுவோம். எம் சன்னல் உயரம் 36 அங்குலம், அகலம் 30 அங்குலம். திரை சன்னலின் அளவே இருத்தல் போதாது. கழியைச் சன்னலுக்கு மேலே மூன்றங்குலத்திற் பொருத்தி, கீழே இரண்டங்குலம் தாழவிட்டால், காற்று மேலும் கீழும் நுழையாது. ஆகவே உயரம் 41 அங்குலம். இருபக்கமும் மும்மூன்று அங்குலம் சுவரின்மேல் படியவேண்டுமாதலின் கழியின் நீளம் 36 அங்குலம். துணியின் அகலம் கழியின் நீளத்தினும் ஒன்றரை மடங்கேனும் இருந்தாலன்றிச் சுருக்கு விழாது. சுருக்கு விழாத திரை உலர்த்திய துண்டு போலத் தட்டையாய்த் தொங்கும். கடைக்காரர் இரண்டு மடங்கு வேண்டுமென்பர். அவர் துணி விற்பவரன்றோ?

சேலை 18 அடி நீளம், 46 அங்குல அகலம். இதனை நெட்டாகத் தொங்கவிடுவதா, குறுக்காகத் தொங்கவிடுவதா என்பதே தலையாய வினா. பலரும் நெட்டாகவே வெட்டுவர். அங்ஙனம் வெட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் மேலும் கீழும் மடித்துத் தைக்க வேண்டும், கரையும் பக்கவாட்டில் வீணாகும். குறுக்காகத் திருப்பி, சேலையின் அகலத்தையே திரையின் உயரமாகக் கொண்டால், கரை தானே அடியோரமாக அமைந்துவிடும். அடியில் தையலே வேண்டா. கரை தடித்த நெசவாதலின் அதன் கனம் திரையைக் காற்றில் எழாமற் பிடித்து நிறுத்தும். ஆனால் எக்கரையைக் கீழே விடுவது? உடுத்தும்போது தரையில் உராயும் கீழ்க்கரை நைந்திருக்கும். இடுப்பிற் செருகும் மேற்கரை பெரும்பாலும் உறுதியாயிருக்கும். ஆகவே சேலையைத் தலைகீழாக்கி, நைந்த கரையை இரண்டங்குலம் வெட்டி நீக்கினோம். எஞ்சியது 44. அதில் கழி நுழைதற்கு மூன்றங்குலம் உள்ளே மடித்தது போக 41 அங்குலம் மிகச் சரியாக நின்றது. கணக்குப்பாடத்தில் யாம் இத்துணை மகிழ்ந்ததில்லை.

நீளத்தில் முந்தானை மூன்றடியை விலக்கி, மீதி 15 அடியை இரண்டரை அடித் துண்டுகள் ஆறாக வெட்டினோம். பக்கங்களை ஓரங்குலம் மடித்தபின் ஒவ்வொன்றும் 28 அங்குலம். இரண்டும் சேர்ந்து 56. 36 அங்குலக் கழிக்கு இஃது ஒன்றரை மடங்கிற்குச் சற்று மேலாம். தையற்பொறி எம்மிடம் இல்லை. பக்கங்களுக்கு ஓட்டுத்தையலே போதும். கழி நுழையும் மேல்மடிப்போ திரையின் பாரம் முழுதும் தாங்குவது. திறக்கும்போதும் மூடும்போதும் இழுபடுவது. அதற்கு ஒவ்வோர் இழையும் பின்சென்று முன்வரும் பின்தையலே ஏற்றது. கழி மூங்கில். பச்சை மூங்கிலை அப்படியே பயன்படுத்தினால் அதன் மாச்சத்தை நாடி வண்டு துளைக்கும். சில வாரம் நீரில் ஊறப்போட்டு உலர்த்தியது நெடுநாள் உழைக்கும்.

தைத்து முடித்த அன்று மாலை மூன்று சன்னல்களிலும் தொங்கவிட்டு மகிழ்ந்தோம். இரவு வந்ததும் எம் மகிழ்ச்சி குலைந்தது. தங்கை விளக்கேற்றி அமர்ந்திருந்தாள்; யாம் சாலையில் நின்று நோக்கினோம். அவள் தலை அசைவதும் ஏட்டைப் புரட்டுவதும் தோற்பாவைக் கூத்தில் நிழலுரு ஆடுவது போலத் திரையின்மேல் தெரிந்தன. பகலில் வெளியொளி மிகுதியாதலின் மெல்லிய துணியும் உள்ளிருப்பதை மறைக்கும். இரவில் ஒளி உள்ளே இருத்தலின் அதே துணி உள்ளிருப்பதைக் காட்டிக் கொடுக்கும். பகலில் மட்டும் பார்த்துத் திரை வாங்குவோர் இதனை மறக்கலாகாது.

அப்போதுதான் சுருங்கிப்போன காடாத்துணி நினைவிற்கு வந்தது. அஃது இனிச் சுருங்காது. உயரமோ 38 அங்குலம். சேலைத்திரையில் மேல்மடிப்புக்குக் கீழே எஞ்சியிருப்பது முப்பத்தெட்டரை! உட்புடையாக வைத்துத் தைத்தால் அரையங்குலமே குறையும். கரை அதனை மறைத்துவிடும். ஆனால் வெளிறிய துணி ஒளியை முற்றும் தடாது. எம் மலையிற் கடுக்காய்க்குப் பஞ்சமில்லை. கொட்டையை நீக்கிய கடுக்காய்த்தோலை இடித்து ஓரிரவு ஊறவைத்து, அந்நீரில் துணியைக் கொதிக்கவிட்டு உலர்த்தினோம். துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த நீராகாரத்தில் ஐந்தாறு நாள் போட்டு வைத்து, வடிகட்டிய அந்நீரில் அதனைத் தோய்த்தோம். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடிய அளவில் மஞ்சளாயிருந்த துணி எம் கண்முன்னரே கருஞ்சாம்பல் நிறம் எய்தியது. கலங்காரி ஓவியர் கருங்கோடு தீட்டுவதும் இம்முறையின் வகையே. இரும்புநீர் மிகுந்தால் காலப்போக்கில் நூல் இற்றுப்போம். ஆதலின் ஒருமுறை தோய்த்து உடனே நன்னீரில் அலசிவிடுதல் நன்று.

இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939 செப்டம்பரில், வானூர்திகளுக்கு ஒளி தெரியாதபடி இங்கிலாந்து மக்கள் சன்னல்தோறும் கருந்திரை இட்டனர். 1941இல் அங்கு ஆடைகளுக்குப் பங்கீடு வந்தது. உள்ளதைத் திருத்தி உடுத்தும் வகையைக் கற்பிக்க 1943இல் அரசே சிறுநூல் வெளியிட்டது. எம் மலையிலும் ஒளியை உள்ளே அடக்குதற்கு ஒரு காரணமுண்டு, அது போரன்று. காவலூரில் 1968 முதல் விண்மீன்களை ஆராய்ந்துவரும் வானாய்வுக்கூடம் உள்ளது. வைணு பாப்பு அவர்கள் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அங்கு திறந்து வைக்கப்பட்டது. இரவின் இருளே அவ்விடத்தின் செல்வம். எம் தங்கையின் சிறுவிளக்கு எந்த விண்மீனையும் மறைத்துவிடப் போவதில்லையெனினும், உட்புடை தைத்தபின் எம் வீட்டிலிருந்து அவ்விருளுக்கு ஒரு கீற்றும் செல்லவில்லை. யாம் மறுபடியும் சாலையில் நின்று பார்த்தோம். வீட்டில் ஆளுளதோ இலதோ என்னும்படி இருந்தது. சன்னற்கதவு திறந்தே இருந்தமையின் புகையும் தங்கவில்லை. இரட்டைத்துணிக்கு நடுவே அசையாது நின்ற காற்று குளிரையும் பெரும்பகுதி தடுத்தது. அன்றிரவு அவள் பதினொரு மணிவரை படித்தாள்.

அடுப்பங்கரைச் சன்னலுக்குத் திரை கூடாது. இட்டால் அடுப்பெட்டாத் தொலைவில் இருத்தல் வேண்டும், பருத்தியாகவும் இருத்தல் வேண்டும். செயற்கை இழைத்துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எம் மூன்றாவது சன்னல் அடுப்பின் அருகேயுள்ளது என்பதைத் தைத்த பின்னரே எண்ணினோம். அதற்கெனத் தைத்த இரண்டும் இப்போது இரண்டு அறைகளுக்கும் இடையேயுள்ள வாயிலில் தொங்குகின்றன. நீளம் போதாமையால் முழங்கால்கள் தெரிகின்றன.

செலவுக் கணக்கு இது: இவ்வாண்டு நூலும் ஊசியும் 40 ரூபாய், முந்திய ஆண்டின் காடாத்துணி 490, கழிகளும் கொக்கிகளும் 100. ஆக 630 ரூபாய். நாற்பது ரூபாயில் முடித்ததாக எம் தங்கை அண்டை வீட்டாரிடம் கூறி வருகிறாள்.

முந்தானை மூன்றடி எஞ்சியது. தலையணை உறைக்காகுமென்று யாம் கூறினோம். அன்னையார் மறுமொழி கூறாது அதனை நான்காக மடித்துத் தகரப்பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டனர்.