ஃபர்ம்வேர் படிக்கும் ரஸ்ட் கோடு: ரிவ்யூ செய்வோருக்குச் சில குறிப்புகள்

என்விடியா கார்டுகளுக்காக லினக்ஸ் கெர்னலில் வளரும் நோவா டிரைவர் ரஸ்டில் எழுதப்படுகிறது. அதன் முதல் பகுதி 2025-இல் 6.15 பதிப்பில் சேர்ந்தது. கார்டின் பயாஸ் ராமை (ROM) படிக்கும் கோடு கைக்கு வந்தால் இவற்றைப் பாருங்கள்.

1. பேட்ச்சைத் திறக்கும் முன் ராமின் அமைப்பைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். பல இமேஜ்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒவ்வொன்றும் வழக்கமாக ஹெக்ஸில் 55, ஏஏ என்ற இரண்டு பைட்டுகளோடு தொடங்கும். நீளம், வகை, இதுதான் கடைசி இமேஜா என்ற குறி எல்லாம் இமேஜுக்குள் உள்ள பிசிஐஆர் என்ற பகுதியில் கிடைக்கும்.

2. அந்த நீளம் 16 பிட் எண். 512 பைட் ஒரு அலகு. நீளம் 128 என்று வந்தாலே பெருக்குத்தொகை 65,536. 16 பிட்டில் அடங்காது. யூசைஸாக மாற்றிய பிறகுதான் பெருக்க வேண்டும். முதலில் பெருக்கினால், ஓவர்ஃப்ளோ சோதனை உள்ள பில்டில் பேனிக் ஆகும். இல்லாத பில்டில் விடை பூஜ்யம். பூஜ்யத்தைக் கூட்டி அடுத்த இமேஜுக்கு நகரும் லூப் அதே இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ராமிலேயே நீளம் பூஜ்யம் என்று இருந்தாலும் இதே கதிதான். அதற்குத் தனிச் சோதனை இருக்கிறதா என்று கேளுங்கள்.

3. சதுர அடைப்புக்குறி இண்டெக்ஸ், அன்ராப் இரண்டையும் தேடிப் பிடியுங்கள். எல்லை தாண்டினால் ரஸ்ட் மெமரியைக் காப்பாற்றிவிடும், ஆனால் பேனிக் ஆகும். கெர்னலில் அது மெஷினையே நிறுத்திவிடலாம். 'கெட்' போட்டு, கிடைக்காவிட்டால் பிழை திருப்பச் சொல்லுங்கள்.

4. ஆஃப்செட்டோடு நீளத்தைக் கூட்டும் இடமெல்லாம் 'செக்ட் ஆட்' வேண்டும்.

5. அன்சேஃப் பிளாக்குக்கு மேலே சேஃப்டி கமெண்ட் இருந்தால் மட்டும் போதாது. அதில் சொன்ன நிபந்தனையை எந்த வரி உறுதிசெய்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். பைட்டுகளை அப்படியே ஸ்ட்ரக்ட் பாயிண்டராக்கியிருந்தால் அலைன்மென்ட்டைப் பாருங்கள்.

6. 'ஏஸ்' போட்டுப் பெரிய எண்ணைச் சிறிய டைப்புக்கு மாற்றினால் மேல் பிட்டுகள் சத்தமில்லாமல் போய்விடும். 'ட்ரை ஃப்ரம்' நல்லது.

7. "கம்பெனி எழுதிய ராம்தானே, தப்பாக வருமா?" என்ற பதிலை ஏற்காதீர்கள். கார்டு பஸ்ஸிலிருந்து விலகிவிட்டால் எல்லா பைட்டும் எஃப்எஃப் என்றே வரும்.

8. பிழைச் செய்தியில் ஆஃப்செட்டும் படித்த மதிப்பும் கட்டாயம் வேண்டும். லாகைப் பார்த்துப் பழுது தேடுபவரிடம் அந்தக் கார்டு இருக்காது.

9. பாதியில் வெட்டிய ராம், கடைசி இமேஜ் குறி இல்லாத ராம் இரண்டுக்கும் டெஸ்ட் கேளுங்கள். அவை வரும்வரை ஒப்புதல் கொடுக்க வேண்டாம்.