ரோட்டு மேல் ஐந்து சென்ட்: என்ன கட்டலாம்?

சுங்குவார்சத்திரத்தில் தொடங்கி ஒரகடம் கூட்டுரோடு வரை, சொந்தமாகக் கொஞ்சம் இடம் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ரோட்டு மேல அஞ்சு சென்ட் இருக்கு சார். ஹாஸ்டல் கட்டினா வாடகை கொட்டும்னு சொல்றாங்க. பேங்க்லயும் லோன் தர்றேங்கிறாங்க. கட்டலாமா?"

தாராளமாகக் கட்டலாம். ஆனால் இந்தப் பகுதியில் கம்பெனி போவதும் வருவதும் உண்டு. ஒன்று போய் அடுத்தது வரும்வரை உள்ள இடைவெளியைத் தாங்குகிற அளவுக்கு மட்டும் கடன் வாங்குங்கள். மற்ற யோசனைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து இங்கே வேலைக்குப் பஞ்சம் வந்ததில்லை என்று பேசிக்கொள்கிறோம். மொத்தமாகப் பார்த்தால் சரிதான். தனித்தனியாகப் பார்த்தால் வேறு கதை. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அடுத்த மாதமே மூடப்பட்டது. பிறகு நோக்கியாவின் இடத்தைச் சால்காம்ப் வாங்கி 2020 வாக்கில் வேலையைத் தொடங்கியது. ஃபாக்ஸ்கானும் சுங்குவார்சத்திரத்தில் முன்னைவிடப் பல மடங்கு பெரிதாகத் திரும்பி வந்தது. "ஒரு கம்பெனி போனால் இன்னொன்று வரும்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. நடுவில் போன ஐந்தாறு வருடத் தவணையை யார் கட்டுவது என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை.

பக்கத்து மறைமலைநகரிலும் இதே நிலைதான். ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறது, ஆனால் இன்ஜின் உற்பத்திக்குச் சொல்லும் ஆண்டு 2029. வெளிநாட்டிலும் இதே கதைதான்: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரை ஒட்டிய மொரெய்ன் என்ற ஊரில், ஜெனரல் மோட்டார்ஸ் 2008 டிசம்பரில் ஆலையை மூடியது. சீனாவின் ஃபூயாவ் கண்ணாடி நிறுவனம் அதே கட்டடத்தில் 2016-இல் ஆலை திறந்தது. எட்டு வருடம்! உள்ளூர்க் கடைக்காரருக்கு எந்த வங்கி எட்டு வருடம் பொறுத்திருக்கும்?

கணக்கைப் பார்ப்போம். 40 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 43 ஆயிரம். மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரு காண்ட்ராக்டர் 75 ஆயிரம் தருகிறார் என்று வையுங்கள். கேட்க இனிக்கும். பாதிக் கட்டடம் காலியானால் கைக்கு வருவது 37,500. தவணைக்கே பற்றாது. அதே கடன் 30 லட்சமாக இருந்தால் தவணை 32 ஆயிரத்துச் சொச்சம், பாதி வாடகையிலும் ஓடும். நான் சொல்லும் அளவுகோல் இதுதான்: பாதிக் கட்டடம் காலியாக இருக்கும்போதும் தவணை கட்ட முடிய வேண்டும். முடியாதென்றால் அஸ்திவாரத்தை மூன்று மாடிக்குப் போட்டுவிட்டு, இப்போதைக்குத் தரைத்தளமும் முதல் மாடியும் மட்டும் எழுப்புங்கள். மேலே கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பதற்கு நன்றாக இருக்காதுதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது கட்டும் விதம். ஒரே ஹாலில் பன்னிரண்டு அடுக்குக் கட்டில், வராந்தாக் கடைசியில் வரிசையாகக் கழிப்பறை என்று கட்டிவிட்டால், அந்தக் கட்டடம் ஹாஸ்டலைத் தவிர வேறு எதற்கும் உதவாது. ஹாஸ்டல் தேவையும் நிலையானது இல்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பலர் நோய்வாய்ப்பட, சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன்பின் விடுதிகள் மீது எல்லாருடைய பார்வையும் விழுந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. 706 கோடி ரூபாய் செலவு, 18,720 பேர் தங்க இடம். ஒரே வளாகத்தில் இத்தனை கட்டில் வரும்போது, தெருவில் இருக்கும் உங்கள் நாற்பது கட்டிலுக்கு என்ன ஆகும்? பெரிய கம்பெனிகள் இனி இந்த வழியில்தான் போகும் என்பது என் கணிப்பு. தனியார் ஹாஸ்டலுக்கு மிஞ்சப்போவது சின்ன வெண்டர் கம்பெனிகளின் ஆட்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், பிறகு கல்யாணமாகித் தனி வீடு தேடுபவர்கள்.

அதனால் போர்ஷன் போர்ஷனாகக் கட்டுங்கள். ஒரு ஹால், ஒரு அறை, சமையல் மேடை, கழிப்பறை, தனி ஈபி மீட்டர். இன்றைக்கு அதில் ஐந்து பெண்கள் தங்கலாம், நாளைக்கு ஒரு குடும்பம் குடிவரலாம். செப்டிக் டேங்கை மட்டும் வீட்டுக் கணக்கில் போடாமல் தலைக் கணக்கில் போடுங்கள். பாதாளச் சாக்கடை எட்டாத ஊராட்சிகளில், சின்னத் தொட்டி கட்டியவர் வாடகையில் ஒரு பங்கைக் கழிவுநீர் லாரிக்கே அழுகிறார்.

தரைத்தளத்தில் கடை வைப்பதாக இருந்தால், காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 10 மணி சுமாருக்கு அந்த இடத்தில் ஒரு வாரம் போய் நின்று பாருங்கள். ஷிப்ட் மாறும் நேரம் அது. கம்பெனி பஸ் எங்கே நிற்கிறது, இறங்குபவர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒரகடத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தாலும், வாசலில் ஏறி வாசலில் இறங்குகிறவர் உங்கள் கடையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பஸ் நிற்கும் முனையில் பத்துக்குப் பன்னிரண்டு அளவில் நான்கு கடை, நெடுஞ்சாலையைப் பார்த்த ஒரே பெரிய ஷோரூமைவிட மேல். டிபன் கடை, செல் ரீசார்ஜ், மருந்துக்கடை, ஊருக்குப் பணம் அனுப்பித் தரும் கடை என்று நான்கு பேர் இருந்தால், ஒருவர் காலி செய்தாலும் மூவர் வாடகை வரும்.

ஸ்ரீபெரும்புதூருக்குள், ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்களின் கணக்கே தனி. ராமானுஜர் பிறந்த ஊர், சித்திரைத் திருவாதிரைக்குக் கூடும் கூட்டம் எந்தக் கம்பெனியையும் நம்பி வருவதில்லை. அங்கே இடம் வாங்குமுன் அது கோயில் நிலமா என்று பார்த்துவிடுங்கள்.

இனி ஆள் விஷயம். கம்பெனி பேரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் காண்ட்ராக்டர்தான். கம்பெனி உங்களோடு எந்த ஒப்பந்தமும் போடவில்லை. பதினொரு மாத பாண்டு பேப்பரோடு நிறுத்தாதீர்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. மூன்று மாத முன்னறிவிப்பு, குறைந்தது ஒரு வருடம் காலி செய்யக்கூடாது என்ற இரண்டு வரிகளையும் அதில் கேட்டு வாங்குங்கள். பெண்கள் தங்குவதென்றால் 2014-ஆம் ஆண்டு விடுதிச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வேண்டும். அதை எடுப்பது நீங்களா அவரா என்பதையும் எழுத்தில் போடுங்கள். ஏதாவது ஆனால் முதலில் தேடி வருவது கட்டட உரிமையாளரைத்தான். ஜி.எஸ்.டி.யில், தலைக்கு மாதம் 20 ஆயிரத்துக்குள் வாங்கி, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் விலக்கு உண்டு. கட்டடத்தை மொத்தமாகக் காண்ட்ராக்டருக்கு விட்டால் விதி வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

மனையே இனிதான் வாங்கப்போகிறீர்களா? விமான நிலையம் வருகிறது என்று ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி மனை விற்ற காலம் ஒன்று உண்டு. 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று அறிவிப்பு வந்தது. இப்போது பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை மெட்ரோ என்கிறார்கள், எண்ணூர் முதல் மாமல்லபுரம் வரை போகும் சுற்றுவட்டச் சாலையும் ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுச் செல்கிறது. வரட்டும், நல்லதுதான். வராத ஸ்டேஷனுக்கு இன்றே விலை கொடுக்காதீர்கள் என்பது ஒன்று. உங்கள் சர்வே எண் சாலை எடுப்பில் வருகிறதா என்று தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்பது இன்னொன்று. ஏரி, வாய்க்கால், மேய்க்கால் வகை இல்லையென்று அ-பதிவேட்டைப் பார்ப்பதும் அன்றைக்கே ஆகட்டும். அனுமதியில்லா மனை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானதா என்று பாருங்கள். வரன்முறைக்கு அந்தத் தேதிதான் எல்லை.

ஏற்கெனவே கடன் வாங்கிக் கட்டி, இன்றைக்கு இரண்டு மாடியைக் காலியாக வைத்திருப்பவருக்கும் ஒரு வார்த்தை. காண்ட்ராக்டர் யாராவது வருவார் என்று காத்திருக்காமல், இருக்கிற ஹாலை ஒரு தளத்தில் மட்டும் தடுத்துக் குடும்பத்துக்கு விடும்படி மாற்ற எவ்வளவு ஆகும் என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லி வங்கிக்கும் போங்கள். போவது தவணை தவறுவதற்கு முன்பாக இருக்கட்டும். 90 நாள் தாண்டிவிட்டால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும், அதன்பின் மேனேஜர் நினைத்தாலும் கை கட்டப்பட்டுத்தான் இருக்கும்.